கதவில் நின்ற கோடு

மழை விட்டு, வெயில் மேற்கிலிருந்து சரிந்து விழுந்த ஒரு சாயங்காலம்தான் கிருஷ்ணகுமார் அந்தக் கோடுகளை முதலில் பார்த்தான். பாறசாலையில் தன் டைல்ஸ் கடையைச் சாத்திவிட்டு வந்து, குன்னத்துகால் வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தி இறங்கியவன், பூட்டித் திரும்பும்போது கண்ணில் பட்டது. வலதுபக்கம் முன்சக்கரத்துக்கு மேலே வளைந்து கிடக்கும் ஃபெண்டர் தகட்டில், கறுப்புப் பெயிண்டுக்குள் மூன்று வெளிறிய கோடுகள். முன்னாலிருந்து பின்னால் ஓடி வந்து, கதவு தொடங்கும் இடத்தில் அறுந்து நின்றன. குனிந்து தன் மூன்று விரல்களை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தான். பொருந்தியது. உடனே கையை இழுத்துக்கொண்டு வீட்டு வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை.

அது யாருடைய கை என்று அவனுக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

அவன் அப்பா முத்துக்குமாரசாமி கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டிலிருந்து எந்த வண்டி கிளம்பினாலும், அது மகனின் காரோ, ரப்பர்ப் பால் வெட்ட வரும் ராஜையாவின் சைக்கிளோ, பூஜையிலிருந்து எழுந்து வந்து அதன் நெற்றியில் மூன்று விரலால் திருநீறு இழுத்துவிடுவார். திருநீறு இல்லாமல் கிளம்பிய வண்டி திரும்பி வந்தால்தான் வந்தது என்பார். ராஜையா வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். அவர்கூடச் சிரித்துக்கொண்டே சைக்கிளை நீட்டுவார்.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள் காலை. வீட்டுக்கு மேற்கே கிடக்கும் ரப்பர்த் தோட்டத்தை விற்பதாக நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவரிடம் கிருஷ்ணகுமார் வாக்குக் கொடுத்திருந்தான். அன்றைக்கு ஒப்பந்தம் எழுத வேண்டும். அப்பாவுக்கு அதில் மனமில்லை. தோட்டத்துப் பேச்சை எடுத்தாலே, "நெஞ்செ அடைக்குது மக்கா" என்று உட்கார்ந்துவிடுவார். பேச்சை விட்டால் நெஞ்சும் சரியாகிவிடும். நாடகம் என்று மகன் முடிவு கட்டிவிட்டான். மனிதர் மெலிந்துகொண்டே போனதையும், விரலில் மோதிரம் நிற்காமல் சுழன்றதையும் அவன் பார்க்காமல் இல்லை. பார்த்தவனுக்கு அதை யோசிக்க நேரமில்லை, அவ்வளவுதான்.

அன்று கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, எஞ்சினை முடுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தான். அப்பா வந்து பானெட்டில் திருநீறு இழுத்தார். போய்விடுவார் என்று பார்த்தால், வலதுபக்கம் நகர்ந்து வந்து ஃபெண்டரில் கையை ஊன்றி நின்றார். வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவன் நினைக்கவும் இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். கை இருந்த இடத்தில் இருக்க, வண்டி அதன் அடியில் நகர்ந்தது. கேட்டைத் தாண்டும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தான். அப்பா பலாமரத்து மூட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். வீம்புக்கு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தான். அப்படித்தான் நினைத்தானா, அப்படி நினைப்பது வசதியாக இருந்ததா என்று அவனுக்கே இன்றுவரை தெளிவில்லை.

அம்மா கோமளவல்லி அந்த நேரம் சிவன் கோவிலில் இருந்தாள். மனைவி சுனிதா தனுவச்சபுரத்தில் பள்ளிக்கூடத்து டீச்சர். விடுமுறைப் பயிற்சி வகுப்புக்கு அவள் முன்னமே பஸ் ஏறிவிட்டாள். ரப்பர்ப் பாலெடுத்துவிட்டு வந்த ராஜையாதான் பலாமரத்தடியில் கிடந்தவரைக் கண்டு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். "கொஞ்சம் நேரத்தே கொண்டு வந்திருந்தா நோக்கியிருக்கலாம்" என்று டாக்டர் சொன்னாராம். அம்மா பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள்.

நெய்யாற்றின்கரையில், அப்பா போய்விட்டார் என்று போன் வந்ததும் கிருஷ்ணகுமார் செய்த முதல் காரியம், சொன்னால் நம்ப மாட்டீர்கள், அழுதது இல்லை. கைக்குட்டையை எடுத்துப் பானெட்டிலும் ஃபெண்டரிலும் இருந்த திருநீற்றைத் தேய்த்துத் துடைத்தான். பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

அங்கே அம்மா கேட்டது ஒரே கேள்வி. "நீ போகும்போ அப்பா எங்க நின்னாரு?"

"பூஜையில இருந்தாரு அம்மா. செல்லிட்டுத்தான் எறங்கினேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைவிடச் சுலபமாக மறைந்துவிட்டது. துட்டி கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா அதையே சொன்னாள். பூஜையை முடித்து எழுந்து வந்திருக்கிறார், முற்றத்தில் இறங்கியதும் உயிர் போயிருக்கிறது, ஆள் யாரையும் கூப்பிடக்கூட நேரமில்லை, யாரும் கைவிடவில்லை, பகவான் கூப்பிட்டார், போனார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சோறு தின்றாள், தூங்கினாள். அது பொய் என்று தெரிந்தால் அம்மா என்ன ஆவாள் என்று கிருஷ்ணகுமாருக்குத் தெரியாது. தன்னை மகன் என்று சொல்லுவாளா என்பதும் தெரியாது. இப்போது அந்தப் பொய்க்கு எதிர்சாட்சி அவன் வண்டியிலேயே ஏறி உட்கார்ந்திருந்தது.

முதலில் அவனே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். கடையில் ஒரு குப்பி பாலிஷ் வாங்கி, பஞ்சில் தொட்டுத் தேய்த்தான். கோடுகள் மறைந்தன. நிம்மதியாக ஒரு வாரம் போயிற்று. பிறகு ஒரு பெருமழை அடித்து வெயில் வந்தது. மூன்றும் பழைய இடத்தில் பழையபடி நின்றன. மறுபடி தேய்த்தான். மறுபடி மழை. இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழைக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமா என்ன? ஒவ்வொரு மழைக்கும் அப்பா வந்து வண்டியைத் தொட்டுவிட்டுப் போவதுபோல் இருந்தது அவனுக்கு. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். மழை பெய்கிற சத்தம் கேட்டாலே அவன் சாப்பாட்டை விட்டு எழுந்தான்.

வீட்டில் இன்னொரு காரியமும் நடந்துகொண்டிருந்தது. அப்பாவின் மோதிரம் ஒன்பது கல் பதித்த நவரத்தின மோதிரம். அவர் மெலிந்த பிறகு அது விரலில் சுழன்று, கல் பதித்த முகப்பு எப்போதும் உள்ளங்கைப் பக்கம் வந்து நிற்கும். அம்மாதான் வளையத்தில் நூல் சுற்றி இறுக்கிக் கொடுப்பாள்; அப்படியும் சுழலும். ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்தபோது பார்த்தால், ஒரு கல் இல்லை. அதன் குழி மட்டும் இருந்தது.

"அண்ணைக்கு காலத்த நூலு சுத்திக் குடுத்தது நானாக்கும். ஒம்பது கல்லும் உண்டு. கண்ணால எண்ணினேன்" என்றாள் அம்மா.

மோதிரத்தைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒரு சல்லடையை எடுத்து முற்றத்தில் குந்தினாள். பலாமரத்தடி, பூஜையறை நடை, துளசி மூடு என்று மூலை மூலையாக மண்ணை அள்ளிச் சலித்தாள். மழை பெய்து மண் சேறானபோது சேற்றை அரித்தாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. "இந்த முற்றத்திலதான் கெடக்கும். வேற எங்க போவும்" என்பாள். கண்ணில் ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து அவளுக்குக் கொசுவின் மீசைகூடத் தெரியும். கிருஷ்ணகுமார் காரை அவளிடமிருந்து தள்ளித் தள்ளி நிறுத்தினான். கல் எங்கே போயிருக்கும் என்று யோசிக்க அவனுக்குத் தோன்றவே இல்லை. அவனுடைய பயமெல்லாம் மூன்று கோடுகளோடு நின்றுவிட்டது.

ஆடி பிறந்தது. ஒரு நாள் சாப்பாட்டின்போது அம்மா சொன்னாள். "அமாவாசைக்கு கன்னியாகுமரிக்கு போவணும். அப்பாவுக்கு நீ தர்ப்பணம் செய்யணும். நம்ம வண்டியில போவலாம். அவிய போன பிறவு அதுக்கு யாரும் திருநீறு இட்டதில்ல. இனி நான் இடுதேன்."

சுனிதா, "ஆமா அத்தே" என்றாள். கிருஷ்ணகுமார் பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவினான். அம்மா திருநீற்றுத் தட்டோடு அந்தப் பானெட்டின் முன்னால் வந்து நிற்பாள். ஃபெண்டர் அவள் முழங்கைக்கு அடியில் இருக்கும்.

மறுநாளே வண்டியை ஷைஜுவிடம் ஓட்டிக்கொண்டு போனான்.

ஷைஜு சார்ஜாவில் கார் பாலிஷ் செய்து பழகியவன். தனுவச்சபுரம் ரோட்டில் தகர ஷெட் போட்டிருந்தான். கை வேலை செய்யும்போது வாயும் வேலை செய்யும். இரண்டில் எது முதலில் களைக்கும் என்று சொல்ல முடியாது.

"ஒங்க ஆள்காருக்க வண்டிய தூரத்தில கண்டாலே மனசிலாவும் சாரே" என்றான், பானெட்டை வெளிச்சத்துக்குச் சாய்ந்து பார்த்து. "நெத்தியில மூணு கோடு கெடக்கும். திருநீறு பவுடரு மாதிரி தோணும். அதில பொடி மணலு உண்டு. ஒணங்கின துணிய வச்சு தொடச்சா உப்புத்தாளு வச்சு தேச்சது போலயாக்கும்."

"அதெத்தான் எடுக்கணும்" என்றான் கிருஷ்ணகுமார்.

ஷைஜு வலதுபக்கம் வந்து குனிந்தான். கோட்டின் நீளத்துக்கு விரலை ஓட்டிப் பார்த்தான்.

"இது அது இல்லியே சாரே. கையால இழுத்த கோடு வில்லு போல வளையும். இது ஸ்கேலு வச்சது போல நேரே போவுது. கை நின்ன எடத்தில நின்னிருக்கு. வண்டிதான் நீங்கியிருக்கு."

"பக்கத்து வீட்டு பிள்ளெ ஒண்ணு தொட்டுக்கிட்டு நிண்ணுது. நான் பாக்காம எடுத்துட்டேன்."

"பிள்ளெயா? வெரலு பெருசால்லா இருக்கு" என்றான் ஷைஜு. அவன் மனதில் ஒன்றுமில்லை. மெஷினை எடுத்துப் பஞ்சு மாட்டத் தொடங்கிவிட்டான். கிருஷ்ணகுமாருக்கு மட்டும் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

ஃபெண்டரில் ஓர் ஓரத்தில் மருந்தைத் தொட்டு மெஷினை நாலு முறை ஓட்டினான். துடைத்தான். அந்த இடத்தில் கோடு இல்லை. பிறகு அதே பஞ்சு, அதே மருந்தோடு பக்கத்துக் கதவில் ஓட்டினான். கதவில் நெருங்கிக் கிடந்த பழைய மங்கல் கீறல்கள் ஒன்றுகூட அசையவில்லை.

"கண்டீயளா? ஒரே வண்டியில ரெண்டு வக பெயிண்டு. இந்த ஃபெண்டரும் பானெட்டும் பட்டறையில அடிச்சது, இல்லியா?"

உண்மைதான். போன வருஷம் கேட்டுத் தூணில் இடித்து, அவை இரண்டையும் ஒரு பட்டறையில் கொடுத்துப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தான்.

"கம்பெனியில வெறும் தகட்ட பெரிய அடுப்புக்குள்ள கேற்றி வேக வச்சு எடுப்பாவ. பட்டறையில அது நடக்காது. வயரும் ரப்பரும் உருகிப்போவும். இளஞ்சூடு காட்டி விட்டுருவாவ. அதினால இது பச்சையாவே நிக்கும். வெரலு பட்டாலும் கோட்ட வாங்கிக்கும், லேசா தேச்சா விட்டுரும். கதவு அப்படி இல்ல. லேசில வாங்காது. வாங்கிச்சுண்ணா விடாது. சில நாட்டு வண்டி முழுசும் இந்தக் கதவு மாதிரி கல்லாக்கும். சில நாட்டு வண்டி முழுசும் வெண்ணெ. சார்ஜாவில ரெண்டையும் தேச்சு எனக்க தோளு போச்சு."

"அப்பம் நான் வீட்டில தேச்சது?"

"அது கோட்ட எடுக்காது. எண்ணெப்பசையால நெறச்சு மூடும். மழையில பசெ போனா கோடு பின்னெயும் வரும்."

இவ்வளவுதானா என்றிருந்தது கிருஷ்ணகுமாருக்கு. அப்பா வரவில்லை, எண்ணெய்தான் போயிருக்கிறது. சிரிப்புக்கூட வந்தது. அந்த இடத்தில் அவன் வண்டியை விட்டுவிட்டு வந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஃபெண்டரை மட்டும் செய் என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் பயந்தவன் போதும் என்று எங்கே நிறுத்துகிறான்? ஃபெண்டர் மட்டும் பளபளத்துக் கதவு மங்கிக் கிடந்தால் அம்மா ஏன் என்று கேட்பாளே என்று பட்டது. கையும் ஃபெண்டரோடு நின்றிருக்காது. கதவிலும் போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன, அங்கே ஏதாவது இருந்தால்?

"கதவு ரெண்டையும் சேத்து செய்" என்றான்.

ஷைஜு மெஷினைக் கீழே வைத்தான். "கதவ தொடண்டாம் சாரே. சொல்லுதத கேளுங்க. அதுக்கு கம்பளிப் பேடும் முரட்டு மருந்தும் வேணும். அத போட்டு தேச்சா இந்தப் பொடிக் கீறலு எல்லாம் போவும். போயிட்டா, உள்ள ஆழமா ஏதாவது கெடந்தா அது தனியே எழும்பி நிக்கும். கலங்கின கொளத்தில அடியில என்ன கெடக்குதுண்ணு தெரியுமா? தெளிஞ்சால்லா தெரியும். கலங்கியே கெடக்கட்டு."

"நான் செல்லுதேன், செய்."

"பிறவு என்னெ கொறெ சொல்லப்பிடாது."

"செல்லமாட்டேன்."

அமாவாசைக்கு முந்தின நாள் மத்தியானம் வண்டி எடுக்கப் போனான். வானம் மூடியிருந்தது. ஷெட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் கார் புதுப் பாத்திரம் போல் நின்றது. ஃபெண்டரில் ஒன்றுமில்லை. பானெட்டில் ஒன்றுமில்லை. கிருஷ்ணகுமார் மூச்சை விட்டான்.

ஷைஜு கதவுப் பக்கம் வந்து செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தான். "ஒண்ணு மட்டும் நிக்குது."

முன்கதவின் முன்னோரத்தில், கைப்பிடி உயரத்துக்குக் கொஞ்சம் மேலே தொடங்கியது. தலைமயிர் கனத்தில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. முன்கதவு முழுதும் போய், இடைவெளியைத் தாண்டிப் பின்கதவில் ஏறி, அங்கேயும் பாதிவரை போய், கீழே சரிந்து, ஒரு சிறு குழியில் முடிந்தது. குழி மணல் பருக்கை அளவுக்கு இருந்தது. அந்த இடத்தில் ஏதோ கெட்டியான ஒன்று தகட்டில் குத்தி, திருகி, நின்றிருக்கிறது.

"இது வெரலும் இல்ல, நகமும் இல்ல. நகம் பட்டா இந்தப் பெயிண்டு கீறாது. ஏதோ கல்லோ மற்றோ உரசியிருக்கு" என்றான் ஷைஜு. "பொடிக் கீறலுக்குள்ள கெடந்ததினால இத்தற நாளும் தெரியல்ல. நான் அண்ணைக்கே சொன்னேன்லா."

கிருஷ்ணகுமார் அந்தக் குழியையே பார்த்தான். கல்லோ மற்றோ. சுழன்று உள்ளங்கைக்கு வந்து நிற்கும் ஒன்பது கல். ஃபெண்டரில் விரல் வழுக்கியதும் அப்பா உள்ளங்கையை அழுத்திக் கதவைப் பிடிக்கப் பார்த்திருக்கிறார். சல்லடையோடு முற்றத்தில் குந்தியிருக்கும் அம்மா. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. அதுவும் கூலி கொடுத்து, தகராறு செய்து, வெட்டவைத்த கிணறு.

"இத எடு. என்ன வேணுமெங்கிலும் செய்."

"எடுத்தா மேல இருக்கிற கண்ணாடிப் பெயிண்டு முழுசும் போயிரும். கதவு ரெண்டும் புதுசா அடிக்கணும். இந்த மழையில அடிச்சா காயாது. ரெண்டு மூணு நாளு வெயில் கெடைக்கட்டு, செய்து தாறேன்."

நாளைக்கு அமாவாசை. வேறு வண்டி பிடிக்கலாமா என்று பார்த்தான். நம்ம வண்டி என்று அம்மா சொல்லிவிட்டாள். மாற்றினால் ஏன் என்பாள். கடைசியில் அவனுக்கு ஒரு புத்தி வந்தது. திரும்பும் வழியில், பைப்புக்குத் தோண்டி மூடாமல் போட்டிருந்த ரோட்டில், செஞ்சேறு தேங்கிக் கிடந்த பள்ளங்களைத் தேடித் தேடி இறக்கினான். போய், திரும்பி, மறுபடி போனான். வலதுபக்கக் கதவுகள் இரண்டிலும் சேறு அப்பிக் கோடு மறைந்தது. பாலிஷ் போட்ட கையோடு சேறடித்துக்கொண்டு வந்த ஒரே ஆள் இந்த ஜில்லாவில் அவனாகத்தான் இருக்கும்.

"இதா பாலிஷ் போட்ட வண்டி?" என்றாள் சுனிதா.

"மழெயில்லா. வழியெல்லாம் சேறு. போயிட்டு வந்து கழுவலாம்."

அம்மா வாசலில் நின்று வண்டியைப் பார்த்தாள்.

காலையில் அவன் குளித்து வேட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது வெளியே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ராஜையா சைக்கிள் கழுவுகிறார் என்று நினைத்தான். இன்றைக்கு ராஜையா வரும் நாளில்லை என்பது அடுத்த நிமிஷம் உறைத்தது. ஈரத் தலையோடு வாசலுக்கு ஓடினான்.

மழை விட்டிருந்தது. பல நாளுக்குப் பிறகு வெயில் கிழக்கேயிருந்து சாய்ந்து, பலாமரத்துக்கு அடியில் புகுந்து, காரின் வலதுபக்கத்தில் முழுதுமாக விழுந்தது. அம்மா சேலையைச் செருகிக்கொண்டு வாளியும் துணியுமாக நின்றாள். இரண்டு கதவையும் கழுவி முடித்திருந்தாள். "அமாவாசைக்கு போற வண்டி அழுக்கோட போவலாமா. இவனுக்கு ஒரு இது இல்ல" என்று வாசற்படியில் நின்ற சுனிதாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். துணியைப் பிழிந்து உதறினாள். பிறகு நின்றாள்.

அவள் கண் முன்கதவிலிருந்து மெல்லப் பின்கதவுக்குப் போவதைக் கிருஷ்ணகுமார் பார்த்தான். அம்மா இரண்டடி நடந்து, பின்கதவில் கோடு முடியும் இடத்தில் குனிந்தாள். விரலால் அந்தக் குழியைத் தடவினாள். கழுத்துச் சங்கிலியை வெளியே எடுத்து, மோதிரத்தின் கல் போன குழியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் வைத்துப் பார்க்கவில்லை. நூல் சுற்றிய கை அவளுடையது. அவளுக்கு அளந்து பார்க்க வேண்டிய தேவை இல்லை.

நிமிர்ந்தவள், வாசலில் நின்ற மகனைக் கண்டாள்.

"நீ போகும்போ அப்பா பூஜையிலதானே இருந்தாரு?"

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணம் அவன் முன்னால் வாசல் திறந்த மாதிரி நின்றது. ஆனால் பழகின வாய் முந்திக்கொண்டது. "ஓ. பூஜையில."

அம்மா தலையை ஆட்டினாள். சங்கிலியைச் சேலைக்குள் போட்டாள். வாளியை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் வைத்தாள். முற்றத்து ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த சல்லடையை எடுத்து, ஒட்டியிருந்த சேற்றைத் தட்டி, சுனிதாவிடம் நீட்டினாள்.

"இத உள்ள கொண்டு வச்சிரு பிள்ளெ. கல்ல இனி தேடண்டாம்."

"கெடச்சாச்சா அத்தே?"

"தேடண்டாம்" என்றாள் மறுபடியும்.

கிருஷ்ணகுமார் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தான். வெளியே நின்றால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். சாவியைத் திருகினான். ஏசி தானாக ஓடத் தொடங்கியது. கண்ணாடிகள் ஏறியே இருந்தன. அம்மா உள்ளே போய்த் திருநீற்றுத் தட்டோடு வந்தாள். பானெட்டின் முன்னால் நின்று, கண்ணை மூடி, மூன்று விரலால் திருநீறு இழுத்தாள். போய்ப் பக்கத்து சீட்டில் ஏறுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் வலதுபக்கம் நகர்ந்தாள். ஃபெண்டரில் கையை ஊன்றினாள். அப்பா நின்ற அதே இடத்தில், அதே மாதிரி நின்று, கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள். அவள் வாய் அசைந்தது. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஏசியின் இரைச்சல் மட்டும் இருந்தது. அவன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. பட்டனைத் தேடி அழுத்தினான். கண்ணாடி இறங்கியது. ஈர மண்ணின் மணமும், எங்கோ ஒரு காக்கையின் சத்தமும் உள்ளே வந்தன.

"என்ன அம்மா?"

"ஒண்ணுமில்ல மக்கா" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது. "இத எறக்கியே வை. இனி ஏத்தண்டாம். யாராவது விளிச்சா கேக்கணும்."

அவள் முன்னால் சுற்றிப் போய் இடதுபக்கக் கதவைத் திறந்து, அப்பா எப்போதும் உட்காரும் சீட்டில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். சுனிதா வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து பின்னால் ஏறினாள். களியக்காவிளை தாண்டும்போது மழை பிடித்தது. வலது தோளும், தர்ப்பணத்துக்குக் கட்டிய புது வேட்டியும் நனைந்தன. சுனிதா பின்னாலிருந்து, "கண்ணாடிய ஏத்துங்க, நனையிறீங்க" என்றாள்.

அவன் ஏற்றவில்லை.